சார்ஜ் இறங்கிய கார் பேட்டரியை வீட்டிலேயே பத்திரமாக ஏற்ற முழுமையான வழிகாட்டி

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கார் நிற்கிறது. சின்ன பெட்ரோல் வண்டி. மாதத்தில் இரண்டு தடவை வெளியே கிளம்பினால் அதிகம். ஒரு முகூர்த்த நாளில் நேரமே போன் வந்தது. “கண்ணு, சாவியத் திருப்புனா டக்டக்குனு சத்தம் மட்டும் வருது. வண்டி எடுக்க மாட்டேங்குது.” பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கொண்டுவந்து, ஒயர் கொடுத்துக் கிளப்பினார்கள். சிவன்மலையில் கல்யாணம் பார்த்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் மறுபடியும் அதே டக்டக்.

“ஓடுனா தானா ஏறிக்கும்” என்று எல்லோரும் சொன்னதை நம்பிப் போயிருக்கிறார்கள். பத்து நிமிட ஓட்டத்தில் ஏறாது. பெரியவர்கள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர், பேட்டரியில் குறைந்ததை ஓட ஓட ஈடுகட்டத்தான் இருக்கிறது. அடியோடு இறங்கிய பேட்டரியை முழுதாக நிரப்ப அதற்குப் பல மணி நேர ஓட்டம் வேண்டும். அவ்வளவு வேலை வாங்கினால் ஆல்டர்னேட்டரும் சூடாகிச் சீக்கிரம் கெடும். முறையான வழி, ஒரு சார்ஜரை மாட்டி நிதானமாக ஏற்றுவதுதான். அதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சார்ஜ் ஏறும் பேட்டரியின் பக்கத்தில் பொறி வரவே கூடாது. எந்த கிளிப்பை முதலில் மாட்டுவது, எங்கே வைப்பது, சுவிட்சை எப்போது போடுவது என்று கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே செய்து காட்டிய ஈய–அமில பேட்டரியின் அடிப்படைதான் இன்றும் நம் பானெட்டுக்குள் இருக்கிறது. ஆறு அறைகள், ஒவ்வொன்றையும் செல் என்பார்கள். ஒரு செல்லுக்கு சுமார் 2.1 வோல்ட், ஆறும் சேர்ந்து 12.6. ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடுகளும் ஈய டை ஆக்சைடு தகடுகளும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். கரண்ட் செலவாகச் செலவாக இரண்டு வகைத் தகட்டின் மேலும் ஈய சல்பேட் படியும், அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகும். சார்ஜ் போடுவது என்றால் இதைத் திருப்பி ஓட்டுவது. படிந்த சல்பேட் கரைந்து மறுபடி அமிலமாகும்.

பேட்டரியை இறங்கியபடியே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தச் சல்பேட் கெட்டியாக இறுகிப்போகும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. ஆகவே வண்டி எடுக்காத அன்றைக்கோ மறுநாளோ சார்ஜ் போட்டுவிடுங்கள். “அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போட்டுப் பாழான பேட்டரிகள் நிறைய.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், பேட்டரி நிறையப் போகும் நேரத்தில். கரைக்கச் சல்பேட் குறைந்துவிட்டதால் உள்ளே போகும் கரண்ட் தண்ணீரைப் பிரிக்கத் தொடங்கும். 14.4 வோல்ட்டை ஒட்டி இது வேகமெடுக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழ் குமிழாக வெளியே வரும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பற்றினால் பேட்டரி வெடித்து, உள்ளிருக்கும் அமிலம் நிற்பவரின் முகத்தில் தெறிக்கும். சார்ஜ் முடிந்து கிளிப்பைப் பிடுங்கும் அந்த விநாடிதான் வாயு அதிகமாகச் சேர்ந்திருக்கும் நேரம். மாட்டும்போது கவனமாக இருப்பவர்கள் கழற்றும்போது அசட்டையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இத்தனை நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள்

பெட்டி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, அடியில் ஈரம் கசிந்திருந்தாலோ சார்ஜ் போடவே வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் அப்படித்தான். நேராக பேட்டரி கடைக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பூத்திருந்தால், பேட்டரியில் சார்ஜ் இருந்தும் வண்டி எடுக்காமல் போகலாம். கிளாம்ப்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். சில சமயம் அதை இறுக்கினாலே வேலை முடிந்துவிடும். பூத்திருப்பதை வெறும் கையால் தொடாதீர்கள், வாயால் ஊதவும் வேண்டாம். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். அந்தக் கரைசல் செல்லுக்குள் மட்டும் இறங்கக் கூடாது, உள்ளே இருக்கும் அமிலத்தையும் கெடுத்துவிடும்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள். மோட்டார் ரூமுக்கும் உதவும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு இரண்டு டெர்மினலிலும் தொட்டுப் பாருங்கள். 12.6-க்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே எடுத்துக்கொள்ளலாம். 12.6 காட்டியும் வண்டி எடுக்கவில்லை என்றால் கோளாறு ஸ்டார்ட்டரிலோ ஒயரிலோ இருக்கக்கூடும். சார்ஜ் போட்டுப் பயனில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எந்த சார்ஜர், எத்தனை ஆம்பியர்

பேட்டரி மேல் ஏஹெச் (Ah) என்று ஒரு எண் இருக்கும், எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்று காட்டும் ஆம்பியர்-மணிக் கணக்கு அது. சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35, டீசல் வண்டிகளில் 60, 65. அதில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்றினால் பேட்டரிக்கு நல்லது. 35 ஏஹெச் பேட்டரிக்கு மூன்றரை, 65-க்கு ஆறரை ஆம்பியர். நிறைந்ததும் தானாகக் கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் 12 வோல்ட் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் ஊற்றும் மூடியே இல்லாத மெயின்டெனன்ஸ் ஃப்ரீ பேட்டரி என்றால் இந்த வகை சார்ஜர்தான் வேண்டும், ஏனென்றால் அதில் போன தண்ணீரைத் திருப்பி ஊற்ற வழியில்லை. சிக்னலில் தானாக என்ஜின் அணைந்து எழும் வண்டிகளில் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி பேட்டரி இருக்கும். அந்த வகைக்கு ஏற்றது என்று சார்ஜரில் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

12, 24 இரண்டுக்கும் ஒரே சுவிட்ச் வைத்த சார்ஜர்கள் நம் பக்கம் நிறையப் புழங்குகின்றன, லாரிக்காரர்களுக்கு வேண்டியிருப்பதால். இரவல் வாங்கி வந்தால் சுவிட்ச் 12-இல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் கார் பேட்டரியை மாட்டி ஏற்றுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர் இருப்பதால் இந்த யோசனை சுலபமாகத் தோன்றிவிடும். செய்யாதீர்கள். அது 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரிக்கு ஏற்றபடி பத்து ஆம்பியருக்கும் மேலே தள்ளக்கூடியது. 35 ஏஹெச் பேட்டரிக்கு அது தாங்காத கரண்ட். சூடேறிக் கொதித்து வாயு கிளம்பும். அதுவும் வீட்டுக்குள்ளே நடக்கும்.

இடம்

ஹைட்ரஜன் காற்றைவிட லேசானது, மேலே போய்த் தங்கும். தகரம் போட்ட கார் செட்டில் கதவைச் சாத்திவிட்டு சார்ஜ் போட்டால் வாயு கூரைக்குக் கீழே தேங்கும். கதவை முழுக்கத் திறந்து வையுங்கள், அல்லது வண்டியை நிழலில் வாசலுக்குத் தள்ளிவிடுங்கள். அடுப்படி, கேஸ் சிலிண்டர், சாமி விளக்கு எரியும் இடம், படுக்கும் அறை எதன் பக்கத்திலும் வேண்டாம். பீடி சிகரெட்டும் கூடாது. கட்டுத்தரை பக்கம் என்றால் கன்று ஒயரை இழுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் தள்ளி வையுங்கள்.

மூன்று பின் கொண்ட, எர்த் சரியாக உள்ள பிளக்கில்தான் மாட்ட வேண்டும். வெட்டி ஒட்டிய ஒயர் வேண்டாம். சார்ஜரை பேட்டரிக்கு மேலே வைக்காமல் ஒயர் நீளத்துக்குத் தள்ளி, காய்ந்த பலகையின் மேல் வையுங்கள். ஐப்பசி மழை நாளில் திறந்த வாசலில் போடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் எடுக்கும் நாளா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். சில சார்ஜர்கள் கரண்ட் போய் வந்தால் தாமாகத் தொடராது, மறுபடி பட்டனை அழுத்த வேண்டியிருக்கும்.

நம் மேல் கவனம்

கை மோதிரம், காப்பு, கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். வெள்ளிக் காப்பு ஒரு பக்கம் பிளஸ் டெர்மினலையும் மறு பக்கம் வண்டியின் இரும்பையும் தொட்டால் நொடியில் கொதித்துக் கையைச் சுட்டுவிடும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் அதற்குப் போதுமான கரண்ட் அதில் இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், கைக்கு ரப்பர் உறை. பழைய துணி உடுத்துங்கள். பருத்தித் துணியில் அமிலம் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போடும்போதுதான் பனியன் முழுக்க ஓட்டை தெரியும்.

பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் கொஞ்சம் ஆப்ப சோடாவும் இருக்கட்டும். அமிலம் தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். கண்ணில் சோடாவோ பாலோ ஊற்றக் கூடாது, வெறும் தண்ணீர்தான். தரையில் சிந்தியதற்கு மட்டும் சோடாவைத் தூவலாம்.

இனி வேலை

சாவியை எடுத்துவிடுங்கள். லைட், ஏசி, பாட்டு எல்லாம் அணைந்திருக்கட்டும். சாவியை வண்டிக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள், கரண்ட் இல்லாத வண்டியில் ரிமோட் திறக்காது.

பேட்டரியைக் கழற்றாமலே ஏற்றலாம். வண்டி நிற்கும் இடத்தில் காற்றோட்டம் இல்லை, அல்லது பிளக் எட்டவில்லை என்றால் கழற்றுங்கள். கழற்றும்போது மைனஸை முதலில் எடுக்க வேண்டும். பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கி பாடியில் பட்டால் பளிச்சென்று பொறி பறக்கும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் அந்தச் சுற்று முறிந்துபோகும், பிறகு ஸ்பேனர் பட்டாலும் பொறி வராது. திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். சின்ன பேட்டரியே பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கித் தூக்குங்கள், சாய்க்காதீர்கள்.

மூடி உள்ள பேட்டரி என்றால் தண்ணீர் அளவைப் பாருங்கள். டார்ச் அடிக்கலாம், தீக்குச்சி கூடவே கூடாது. தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மேல் கோடு வரைக்கும் ஊற்றுவதைச் சார்ஜ் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மட்டம் உயரும், முன்பே நிரப்பினால் வழியும். போர் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு, பாத்திரத்தில் படிவதைப் பார்த்தாலே தெரியும். அமிலம் ஊற்றவே கூடாது; ஆவியாகிப் போனது தண்ணீர்தான்.

சார்ஜரின் பிளக் கழன்றிருக்கும்போதே கிளிப்புகளை மாட்ட வேண்டும். சிவப்பு கிளிப்பை பேட்டரியின் பிளஸில் நன்றாகக் கவ்வவிடுங்கள். பேட்டரி வண்டியிலேயே இருந்தால் கறுப்பு கிளிப்பை மைனஸ் டெர்மினலில் மாட்டாமல், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத என்ஜின் இரும்பிலோ அதற்கென்று விட்டிருக்கும் போல்ட்டிலோ மாட்டுங்கள். பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்திலும் ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். கடைசி கிளிப் தொடும்போது பொறி வந்தாலும் அது வாயுவுக்கு எட்டாத இடத்தில் வரட்டும் என்பதற்காகத்தான். புதிய வண்டிகள் சிலவற்றில் மைனஸ் டெர்மினலிலேயே சார்ஜைக் கணக்கிடும் சென்சார் இருக்கும், அதற்கும் இந்த முறைதான் சரி. கழற்றி வெளியே வைத்த பேட்டரி என்றால் கறுப்பை மைனஸிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

பிளஸ், மைனஸ் குறியை இன்னொரு தடவை பாருங்கள். அழுக்கில் மறைந்திருக்கும், துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டு, பேட்டரி வகையையும் ஆம்பியரையும் வையுங்கள்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வசதி. 35 ஏஹெச் காலி பேட்டரி மூன்றரை ஆம்பியரில் நிறைய, வீணாவதையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். முதல் தடவை செய்பவர்கள் ராத்திரியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடு, உப்பல், நாற்றம், கொதிக்கும் சத்தம் எது வந்தாலும் முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். கிளிப்பைத் தொடாமல் தள்ளி நின்று, ஆறும் வரை காத்திருங்கள். சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர் பக்கம் பகலிலேயே பானெட் சூடாகிவிடும், அந்த மாதத்தில் நிழல் கட்டாயம்.

சில சார்ஜர்கள் ரொம்பவும் இறங்கிய பேட்டரியைக் கண்டுகொள்ளவே செய்யாது, விளக்கு எரிந்தபடி சும்மா நிற்கும். அதை ஏமாற்ற இன்னொரு பேட்டரியைப் பக்கத்தில் இணைப்பார்கள். வீட்டில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேட்டரி கடையில் கொடுங்கள், அங்கே சோதித்து ஏற்றித் தருவார்கள்.

நிறைந்துவிட்டது என்று காட்டியதும், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பத்து நிமிடம் விடுங்கள், வாயு கலைந்து போகட்டும். அப்புறம் கறுப்பு, கடைசியாக சிவப்பு. கரண்ட் ஓடும்போது எந்தக் கிளிப்பையும் பிடுங்கக் கூடாது.

ஏறியதா என்று பார்ப்பது

சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் மீட்டர் 13-க்கு மேல் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், நம்பாதீர்கள். ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் அளந்தால் 12.6-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. பகல் முழுக்க ஏற்றியும் 10.5-ஐ ஒட்டியே நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம், மாற்றத்தான் வேண்டும். வண்டியைக் கிளப்பும் நேரத்தில் ஒருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. ஓடிக்கொண்டிருக்கும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது. 12.6-லேயே நின்றால் அது ஏற்றவில்லை, எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அடுத்த வாரம் மறுபடி இறங்கும்.

அவசரத்துக்கு ஒயர் கொடுப்பவர்களுக்கு

சார்ஜ் போட நேரமில்லை, இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் கொடுக்கிறோம் என்றால் அது 12 வோல்ட் வண்டியாக இருக்க வேண்டும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் யார் வீட்டு வாசலிலும் லாரியோ போர் போடும் ரிக் வண்டியோ நிற்கும், உதவிக்கும் உடனே வருவார்கள். பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அந்த 24-ஐ காருக்குக் கொடுத்தால் என்ஜின் கம்ப்யூட்டர் முதல் மியூசிக் சிஸ்டம் வரை புகைந்துவிடும். எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது, பேட்டரி விலையைப் போலப் பல மடங்கு செலவு. டிராக்டர் பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பேட்டரியிலேயே ஓடும் மின்சாரக் கார்கள், ஹைப்ரிட் வண்டிகள் வேறு கதை. அவற்றிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு, அதற்கு வண்டியோடு வந்த புத்தகத்தில் சொல்லியபடி மட்டும் செய்யுங்கள்.

பழைய பேட்டரியை மாற்ற வேண்டி வந்தால் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டால் எங்கேயோ உடைத்து, அமிலத்தை வாய்க்காலிலோ பள்ளத்திலோ ஊற்றுவார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன.

மறுபடி இறங்காமல் இருக்க

அணைத்து நிறுத்திய காரிலும் கடிகாரம், ரிமோட் லாக், அலாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடிக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஏஹெச், ஒரு மாதத்தில் 21-க்கு மேல். 35 ஏஹெச் பேட்டரியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். பின்னால் பொருத்திய ஜிபிஎஸ், கேமரா இருந்தால் இன்னும் சீக்கிரம். வெயில் ஏற ஏற பேட்டரி தானாக இறங்கும் வேகமும் கூடும்.

அப்புச்சி வண்டியில் இப்போது இரண்டு ஏற்பாடு. மூன்று வாரத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றித் துணி சுற்றி வைத்துவிடுகிறார். மற்றபடி வாரச் சந்தைக்கு மொபெட்டில் போவதை விட்டுவிட்டுக் காரிலேயே போகிறார், போக வர முக்கால் மணி நேரம். மீட்டரை எப்படிப் பிடிப்பது என்று அம்மாயியும் (அம்மாவின் அம்மா) கற்றுக்கொண்டார். போன வாரம் போனில் அவர்தான் சொன்னார்: “பன்னெண்டு புள்ளி ஆறு இருக்குது கண்ணு.”